வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து ஆன்லைனில் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து ஆன்லைனில் விற்று வருகிறேன். இதில் இறங்க நினைக்கிற நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று மாறி மாறிக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வீட்ல உட்கார்ந்து அசெம்பிள் பண்ணி வித்தா நிஜமாவே காசு வருமா?

வரும். ஆனால் அசெம்பிள் செய்கிற வேலைக்காக யாரும் பெரிதாகக் கூலி தரமாட்டார்கள் என்பதை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். காசு வருவது இரண்டு இடங்களில்: பாகங்களை விலை குறைவாகப் பார்த்து வாங்குவது, விற்ற கம்ப்யூட்டர் பெட்டி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது. நடுவில் ஸ்க்ரூ முடுக்குகிற அந்த இரண்டு மணி நேரம்தான் இருப்பதிலேயே சுலபமானது.

1984ல் மைக்கேல் டெல் கல்லூரி விடுதி அறையில் கம்ப்யூட்டர்களை மேம்படுத்தி விற்றுத்தானே ஆரம்பித்தார் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். அப்போது கடையில் விற்ற விலைக்கும் உள்ளே இருந்த பாகங்களின் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. இன்று உங்கள் விளம்பரத்தைப் பார்ப்பவர் அடுத்த நிமிடமே ஒவ்வொரு பாகத்தின் விலையையும் தேடிக் கூட்டிப் பார்த்துவிடுவார். அதனால் இதை மாதம் இரண்டு மூன்று பெட்டி விற்கிற பக்கவாட்டு வருமானமாகப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

ஒரு பிசிக்கு எவ்வளவு லாபம் வைக்கலாம்?

பாகங்களுக்கு 100 பங்கு செலவு, 115க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 லாபம் என்று மனது சொல்லும். ஆனால் விற்பனைத் தளத்தின் கமிஷனும் பணம் கைமாறுகிற கட்டணமும் முழு விற்பனை விலையின் மேல் பிடிக்கப்படும். இரண்டும் சேர்ந்து 10 சதவீதம் என்றால் 11.5 அங்கேயே போச்சு. மிச்சம் 3.5. அதில் அட்டைப்பெட்டி, நுரைத்தாள், டேப் எல்லாம் வாங்கினால் கையில் ஒன்றும் நிற்காது.

அதே பெட்டியின் பாகங்களைப் பொறுமையாகத் தேடி 85க்கு முடித்திருந்தால் கமிஷனும் பேக்கிங்கும் போக 12, 13 மிஞ்சும். விற்கிற விலையைச் சந்தை முடிவு செய்துவிடுகிறது, உங்கள் கையில் இருப்பது வாங்குகிற விலை மட்டும்தான். அப்புறம், பத்துப் பெட்டியில் ஒன்று ஏதோ ஒரு காரணத்தால் திரும்பி வரும் என்று நான் ஆரம்பத்திலேயே கணக்கில் எழுதிவிடுவேன். வராவிட்டால் நல்லது.

எனக்கு அசெம்பிள் பண்ணவே தெரியாது, கத்துக்க எவ்வளவு நாள் ஆகும்?

இரண்டு வார இறுதி போதும். ஒரு பழைய பெட்டியை முழுக்கக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள், அதையே மூன்று முறை செய்யுங்கள். தவறு நடக்கிற இடங்கள் சிலதுதான். கேபினெட்டில் மதர்போர்டுக்கு (எல்லாப் பாகமும் வந்து சேர்கிற முதன்மைப் பலகை) அடியில் அதைத் தாங்கிப் பிடிக்க வரும் சின்ன உலோகத் தாங்கி, ஸ்டாண்ட்-ஆஃப், தேவையில்லாத இடத்தில் இருந்தால் ஷார்ட் ஆகும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் பிராசசரில் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கும், கூலரைக் கழற்றும்போது சூட்டைக் கடத்த நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கி வந்துவிடும். அதனால் கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, கூலரை லேசாக இடவலமாகத் திருகி எடுங்கள். ஏஎம்டியின் புதிய ஏஎம்5, இன்டெல்லின் எல்ஜிஏ1700 இரண்டிலும் பின்கள் மதர்போர்டு சாக்கெட்டில் இருக்கும். அங்கே ஒரு பின் வளைந்தாலும் போர்டே போகலாம்.

இன்னொன்று, ஏஎம்5 போர்டை முதல் முறை ஆன் செய்தால் ரேமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று பயந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

புது பாகம் வாங்கணுமா, செகண்ட் ஹேண்ட் வாங்கணுமா?

கலந்து வாங்குங்கள். பிராசசர் பெரும்பாலும் கெட்டுப்போகாத பொருள், பழசு தாராளமாக வாங்கலாம் (ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்). ரேமும் பழசு வாங்கலாம், சோதித்துப் பார்க்கச் சுலபம். கேபினெட் பழசு என்றால் கீறல் படத்தில் தெரியும், விலை குறையும். எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தருகிற பவர் சப்ளை) மட்டும் எப்போதும் புதிது. கோப்புகளைச் சேமிக்கிற எஸ்எஸ்டியும் எனக்குப் புதிதுதான், காரணம் எழுத எழுத அதன் ஆயுள் குறையும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் பழசு வாங்கினால் மிச்சம் அதிகம், ஏமாற்று வேலையும் அதிகம். கார்டின் உள் மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, பல வருடப் பழைய கார்டை என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டுகிற போலிகள் நிறையவே புழங்கின. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018லிருந்து இப்படிப்பட்ட என்விடியா கார்டுகளைப் போலி என்றே காட்டிவிடுகிறது. நேரில் வாங்கும்போது அதை ஓட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

மைனிங்ல ஓடின கார்டு வாங்கலாமா?

விலை நன்றாகக் குறைந்திருந்தால் வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டுகளை ஓயாமல் ஓட்டி (அதுதான் மைனிங்) சம்பாதிக்கப்பட்ட எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கே தேவைப்படாத முறைக்கு மாறியபோது இந்தக் கார்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சிப் ஒரே சீரான சூட்டில் ஓடியிருக்கும், அதனால் அது பெரிதாகக் கெட்டிருக்காது. தேய்வது ஃபேனும், மெமரி மேல் ஒட்டியிருக்கிற தெர்மல் பேடும்.

ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் மாற்றுகிற செலவைக் கழித்துப் பேசுங்கள். பல கார்டுகளில் மெமரி சூட்டை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கலாம். பயாஸ் மாற்றப்பட்டிருந்தால் அசல் பயாஸைத் திரும்ப ஏற்றுங்கள். விற்கும்போது மைனிங்கில் ஓடிய கார்டு என்று எழுதுங்கள். நான் எழுதித்தான் விற்கிறேன், வாங்க ஆள் இருக்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ்ல கொஞ்சம் மிச்சம் பிடிச்சா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அது போகும்போது தனியாகப் போகாது, கூட இருக்கிறதையும் இழுத்துக்கொண்டு போகும். விற்பது ஒருவர் வீட்டில் ராத்திரி முழுக்க ஓடப்போகிற பெட்டி. 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்பையோ உள்ளே இருக்கும் கபாசிட்டரின் தரத்தையோ சொல்வதில்லை. அந்த மாடலை யாராவது பிரித்துச் சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாடுலர் கேபிள், அதாவது எஸ்எம்பிஎஸ்சிலிருந்து தனியாகக் கழற்றி மாட்டுகிற கேபிள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பெட்டிக்கு, டிஸ்க்குக்கு மின்சாரம் தருகிற சாட்டா கேபிள் ஒன்று குறைந்தது. வேறொரு எஸ்எம்பிஎஸ்சின் கேபிள் டிராயரில் கிடந்தது, முனை அப்படியே பொருந்தியது, மாட்டினேன். ஆன் செய்ததும் ஒரு சின்ன டிக் சத்தம், அப்புறம் கருகிய வாசனை. ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் போர்டில் அரிசி மணி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. டிஸ்க் பக்கம் இருக்கிற முனைதான் எல்லாருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பதைத் தயாரிப்பவர் தன் இஷ்டத்துக்கு வைக்கிறார், ஒரே பிராண்டின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்சின் கேபிளையும் அதனதன் பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்கிறேன்.

எந்த மாதிரி பிசி சீக்கிரம் போகும்?

நடுத்தர விலையில் இருப்பது. விளையாட்டுக்கு வாங்குபவர்தான் அதிகம், அவர் முதலில் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டின் பெயர், இரண்டாவது ரேம், மூன்றாவது கண்ணாடிக் கேபினெட்டும் விளக்கும். உச்சத்தில் இருக்கிற பெட்டியைக் கட்டுகிறவர் தானே கட்டிக்கொள்வார், உங்களிடம் வரமாட்டார். ரொம்ப மலிவான பெட்டியில் கமிஷன், பேக்கிங் போக மிச்சமே இருக்காது.

ரேமை ஒரே குச்சியாகப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள், இரண்டாகப் போட்டால்தான் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் வேகமாக ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யவும் மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ரேமின் அட்டையில் எழுதியிருக்கிற வேகத்தில் அது ஓடாது. வாங்கியவர் அதைக் கண்டுபிடித்தால் நம் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும்.

ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின பிராண்டட் பெட்டி வாங்கி, ஒரு கார்டு சொருகி வித்தா?

நல்ல வழி, பலர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் வாங்குவதற்கு முன் பக்கவாட்டு மூடியைத் திறந்த படம் கேளுங்கள். பல பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் கனெக்டர் வழக்கமான 24 பின்னாக இருக்காது, எஸ்எம்பிஎஸ்சின் அளவும் வேறு, நினைத்ததை மாற்ற முடியாது. கார்டுக்குத் தனி மின் கேபிளும் இருக்காது. கார்டைச் சொருகுகிற பிசிஐஇ ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட், அதற்குள் ஓடுகிற கார்டாகத்தான் பார்க்க வேண்டும். ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயரக் கார்டு வேறு வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இந்த அளவுக்குள் அடங்கும், ஆனால் அது நான்கு லேன் (தரவு போகிற பாதை) மட்டும் பயன்படுத்துகிற கார்டு, பழைய தலைமுறையான பிசிஐஇ 3 போர்டில் போட்டால் வேகம் குறையும். பழைய ஆபீஸ் பெட்டி பெரும்பாலும் பிசிஐஇ 3தான். அப்புறம் விண்டோஸ் 11. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம், இவை இருந்தால்தான் முறைப்படி ஏறும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் சல்லிசாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விண்டோஸ் கீ எங்கேயோ ரொம்ப மலிவா கிடைக்குதே, அதைப் போட்டுடலாமா?

வேண்டாம். அப்படி வருகிற பல கீகள் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்ததை உடைத்து விற்பது, சில மாதம் கழித்துச் செயலிழக்கும். அன்றைக்கு வாங்கியவர் தேடுவது உங்களைத்தான். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற ஓஇஎம் லைசன்ஸ் ஏறிய மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ளும், வேறு போர்டுக்கு வராது. தனியாக விற்கிற ரீட்டெய்ல் லைசன்ஸை மாற்றிக்கொள்ளலாம். எனவே ஒன்று, முறையான லைசன்ஸ் வாங்கி அதன் விலையைத் தனியாகக் காட்டுங்கள், அல்லது ‘விண்டோஸ் லைசன்ஸ் கிடையாது’ என்று விளம்பரத்திலேயே எழுதி லினக்ஸ் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சோதித்துவிட்டு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். வாங்கியவர் ஆன் செய்யும்போது முதல் நாள் அமைப்புத் திரை வர வேண்டும்.

டெஸ்ட் பண்ண என்னென்ன ஓட்டணும்?

ரேமுக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள், நான்கு சுற்றும் முழுக்க. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சியை ஒதுக்குங்கள். பிராசசருக்கும் எஸ்எம்பிஎஸ்சுக்கும் ஓசிசிடி ஒரு மணி நேரம். கார்டுக்கு ஃபர்மார்க் இருபது நிமிடம், அதோடு நிற்காமல் நிஜமான விளையாட்டு ஒன்றையும் ஓட்டுங்கள், சுமை ஏறி இறங்கும்போதுதான் சில கோளாறு வெளியே வரும். டிஸ்க்குக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. சூட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை.

இதெல்லாம் முடிந்ததும் அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் ஆறிப்போன பெட்டி முதல் அழுத்தத்தில் எழ வேண்டும். சூடாக இருக்கும்போது நன்றாக ஓடி, ஆறினால் எழ மறுக்கிற பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் இப்படி முடிந்த பிறகுதான் விளம்பரம் போடுவேன்.

பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணினா போதாதா?

போதாது. குயிக் ஃபார்மட் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது, கோப்புகள் உள்ளேயே கிடக்கும். ஒரு முறை செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று மீட்பு மென்பொருள் ஓட்டினேன், ஒரு குடும்பத்தின் பிறந்தநாள் படங்களும் சான்றிதழ் ஸ்கேன்களும் வரிசையாக வந்து நின்றன. விற்றவர் அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். உடனே முழுக்க அழித்தேன்.

ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரு முறை மேலெழுதுங்கள். எஸ்எஸ்டியில் அந்த முறை எல்லா இடத்தையும் தொடாது, தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ இருக்கிற செக்யூர் எரேஸைப் பயன்படுத்துங்கள்.

விளம்பரத்துல என்ன எழுதணும்?

ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயர், எது புதிது, எது பழசு, வாரண்டி எத்தனை மாதம் மிச்சம். ‘ஐ7 கேமிங் பிசி’ என்று எழுதிவிட்டுத் தலைமுறையை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை ஐ7ஐ விட இன்றைய ஐ3 வேகமாக ஓடும், இது தெரியாத ஒருவர் காசை வாங்குவது தப்பு. படங்கள் பகல் வெளிச்சத்தில், கீறல் இருந்தால் கீறலுக்கே தனிப் படம். நீங்களே ஓட்டிப் பார்த்த விளையாட்டு, எந்தத் தெளிவில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எழுதினால் பாதிக் கேள்வி குறையும்.

கூரியர்ல அனுப்பினா உடையாதா?

கார்டை ஸ்லாட்டிலேயே விட்டு அனுப்பினால் உடையும். கனமான கார்டு, வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்லாட்டைப் பிய்த்துக்கொண்டு வரும், அடுத்து பக்கவாட்டுக் கண்ணாடியில் மோதும். கார்டையும் பெரிய டவர் கூலரையும் கழற்றி, ஆன்டி-ஸ்டேடிக் பையில் சுற்றி, தனிப் பெட்டியில் வைத்து அதே பார்சலுக்குள் போடுங்கள். திரும்ப மாட்டுகிற விதத்தை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்பினால் போதும். தனக்கு மாட்ட வராது என்பவருக்கு, கேபினெட்டுக்குள் விரிந்து அச்சு போல நிற்கிற நுரைப் பை வைத்து அனுப்பலாம். அதை எடுத்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும் என்று கண்ணாடி மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கேபினெட் வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பத்திரமாக வைத்திருங்கள், அதற்கு மேல் இன்னொரு பெரிய பெட்டி, நடுவில் நான்கு விரல் அளவுக்கு மெத்தை. காப்பீட்டைப் பாகங்களின் முழு விலைக்கும் எடுங்கள். இரண்டாவது கேள்வியில் போட்ட கணக்கை ஞாபகம் வையுங்கள், உடைந்து வந்த ஒரு பெட்டி ஆறேழு பெட்டியின் லாபத்தைச் சாப்பிட்டுவிடும். நேரில் வந்து எடுத்துக்கொள்பவருக்கு நான் கொஞ்சம் விலை குறைத்தே கொடுப்பேன்.

வாங்கினவர் ‘டிஸ்ப்ளே வரல’ன்னு போன் பண்றார், என்ன செய்யறது?

பதறாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கிற ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? ரேமை எடுத்துத் திரும்ப அழுத்திப் பார்த்தாரா? எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை நடுக் கேள்வியிலேயே தீர்ந்தன. கேபிளைக் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டியிருப்பார்கள். இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிகிற பிராசசரிலும், ‘ஜி’ இல்லாத ரைசன் 5000 டெஸ்க்டாப் பிராசசரிலும் உள்கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐயில் படம் வரவே வராது. இப்போது அந்தத் துளையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறேன், அழைப்பு நன்றாகக் குறைந்துவிட்டது.

வாரண்டி நான் தரணுமா, கம்பெனி தரணுமா?

பாகத்துக்குப் பாகம் தயாரிப்பாளர்தான். ஆனால் பலர் முதல் பில்லைக் கேட்பார்கள், சிலர் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் தருவார்கள். அதனால் பழசு வாங்கும்போதே பில்லையும் கேட்டு வாங்குங்கள், விற்கும்போது நகலைச் சேர்த்து அனுப்புங்கள். அதற்கு மேல் நான் என் சொந்தப் பொறுப்பில் 30 நாள் தருகிறேன், எது அதில் அடங்கும் என்று எழுத்தில். வியாபாரமாகத் தொடர்ந்து விற்றால் நுகர்வோர் சட்டமும் வருமான வரியும் உங்களுக்கும் பொருந்தும். முதல் பெட்டியிலிருந்தே பில்லை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

ஏமாத்துறவங்ககிட்ட மாட்டாம இருக்கறது எப்படி?

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது, உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். அதிகமாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பிப் போடுங்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வங்கி கார்டில் கட்டிய பணத்தை வாங்கியவர் வாரக்கணக்கில் கழித்தும் திரும்பக் கோர முடியும், அதனால் தளத்துக்கு வெளியே போய்ப் பேசவே பேசாதீர்கள், சர்ச்சை வந்தால் அந்த உரையாடல்தான் சாட்சி.

நல்ல ரேமை எடுத்துக்கொண்டு கெட்ட ரேமைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள், பேக் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

ரேம் விலை ஏறிக்கிட்டே போகுதே, இப்பவே வாங்கி அடுக்கிடலாமா?

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை வேகமாக ஏறியது, வைத்திருந்தவர்களுக்கு லாபம். ஆனால் கிராபிக்ஸ் கார்டில் புது வரிசை வந்தால் பழையதன் விலை ஒரே வாரத்தில் சரியும். அலமாரியில் இருக்கிற பாகம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மலிவாகிறது என்று வைத்துக்கொண்டு, விற்ற காசில்தான் அடுத்ததை வாங்குகிறேன். ரேம் ஏறியிருக்கும் நேரத்தில் விற்காமல் நிற்கிற பெட்டி இருந்தால், கழற்றித் தனித்தனியாக விற்றால் அதிகம் வருமா என்று கூட்டிப் பாருங்கள், பல சமயம் வரும். ஆனால் ஐந்து பார்சல், ஐந்து பேருடன் பேச்சு, கேபினெட் மட்டும் கடைசி வரை வீட்டில் நிற்கும்.

பழைய பிராசசர் தாராளமா வாங்கலாம்னீங்க, விதிவிலக்கு எது?

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள், குறிப்பாக ஐ7, ஐ9. தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் போய் உள்ளே தேய்ந்து, கொஞ்ச நாளில் நிலையில்லாமல் ஆகிற பிரச்சினை அவற்றில் இருந்தது. 2024 ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன, பயாஸ் அப்டேட் செய்தால் ஏறிவிடும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை அது சரி செய்யாது. கார்டில் நிறைய மெமரி இருக்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று விளையாட்டு நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள், பலர் பாவம் கார்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அதனால் அசல் அட்டைப்பெட்டியோடும் பில்லோடும் வருவதை மட்டும் வாங்குங்கள், மாட்டியதும் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்யுங்கள். இதில் மட்டும் நான் ஓசிசிடியை ஒரு மணி நேரத்தோடு நிறுத்துவதில்லை, ஒரு நாள் முழுக்க விடுகிறேன்.